மேடும் பள்ளமுமான கான்கிரீட் அடித்தளச் சுவரைச் சமன்செய்து பூசுவது எப்படி?

கேள்வி: முடிச்சூர்வாசி

வணக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் பழைய வீட்டுக்குள் இடுப்பளவு நீர் நின்றது. ஆகவே அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும்போது பேஸ்மென்ட்டைத் தரைமட்டத்திலிருந்து நான்கடி உயர்த்துவது என்று தீர்மானித்தோம். அவ்வளவு உயரத்துக்கு உள்ளே கிராவல் நிரப்பினால் செங்கல் சுவர் தாங்காது என்று வரைபடம் தந்த பொறியாளர் கூறியதால், சுற்றிலும் 8 அங்குலக் கனத்தில் கம்பி கட்டி வார்த்த கான்கிரீட் சுவரே அடித்தளச் சுவராக அமைந்தது. தரைக்குக் கீழே ஒன்றரை அடியும் மேலே நான்கடியுமாக உள்ள இந்தச் சுவரை, முதலில் மூன்றடி, பிறகு இரண்டரை அடி என இரண்டு தடவையாக வார்த்தார்கள். இப்போது மேல்கட்டு வேலை முடிந்து வெளிப்பூச்சு தொடங்கவிருக்கும் நிலையில், இந்தச் சுவர்தான் கண்ணை உறுத்துகிறது.

தெருவைப் பார்த்த தெற்கு முகம் 40 அடி நீளம். இரு முனைகளிலும் சுவரிலிருந்து 50 மில்லிமீட்டர் தள்ளி நைலான் கயிற்றை இழுத்துக் கட்டி, அடிக்கு ஓரிடமாக அளந்து பார்த்தேன். பெரும்பாலான இடங்களில் அளவு 45 முதல் 55 வரை இருக்கிறது. ஆனால் இரண்டாவது வார்ப்பு தொடங்கும் இணைப்புக் கோட்டுக்குச் சற்று மேலே, நடுப்பகுதியில் ஏறத்தாழ ஆறடி நீளத்துக்குச் சுவர் வெளியே பிதுங்கியிருப்பதால் அங்கே அளவு 22 ஆகக் குறைகிறது. கிழக்கு மூலைக்கு அருகே ஒரு சென்ட்ரிங் பலகையின் அகலத்துக்குச் சுவர் உள்ளே ஒடுங்கியிருப்பதால் 80 வரை போகிறது. இணைப்புக் கோட்டை ஒட்டி மூன்று இடங்களில் ஜல்லி தெரியும்படி தேன்கூடாக இருக்கிறது. ஒடுங்கிய பகுதியில் விரல் நீளத்துக்குப் பழுப்பு நிறக் கறை ஒன்றும் தெரிகிறது.

எங்கள் கொத்தனார், இரண்டு அங்குலம் கலவை ஏற்றினால் எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும் என்கிறார். பெயின்டரோ இரண்டு கை பட்டி போதும் என்கிறார். ஒப்பந்தக்காரர் கிளாடிங் கல் பதித்து மறைத்துவிடலாம் என்கிறார். மற்ற மூன்று பக்கங்களும் மதில் சுவருக்கு உட்பட்ட குறுகிய சந்துகள் என்பதால் வெளியார் பார்வையில் படுவதில்லை; அங்கும் இதே ஏற்ற இறக்கம் உண்டு. எந்த வழி நிலைத்து நிற்கும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: ரசமட்டம்

வணக்கம் ஐயா. கயிறு கட்டி அளந்து எண்களோடு வந்திருக்கிறீர்கள். பாதி வேலை முடிந்துவிட்டது. ஓய்வு பெற்ற கட்டுமானப் பொறியாளன் என்ற முறையில் பூச்சுக்கு முன்னால் தெளிவுபடுத்த வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன். பூசும் முறையை அந்த வேலையில் ஊறியவர்கள் சொல்லட்டும்.

முதலில், இந்தப் பிதுக்கம் வார்த்த அன்றே வந்ததா, பின்னால் மண் தள்ளியதால் வந்ததா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பிதுங்கிய பகுதியை அருகில் சென்று பாருங்கள். பலகையின் நரம்புத் தடமும், இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் சிமெண்ட் பால் கசிந்து உறைந்த மெல்லிய விளிம்பும் அந்த மேட்டின் மீது முறியாமல் தொடர்ந்து சென்றால், அது சென்ட்ரிங் விலகியதால் வந்த பிதுக்கமே. அந்தத் தடங்களைக் குறுக்கே அறுத்துக்கொண்டு கிடைமட்ட வெடிப்பு ஓடினாலோ, தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கும்போது சுவரின் தலை வெளியே சாய்ந்திருந்தாலோ பூச்சைப் பற்றிய பேச்சையே நிறுத்திவிட்டு, வரைபடம் தந்த பொறியாளரை நேரில் அழைத்துக் காட்டுங்கள். நீங்கள் விவரிக்கும் இடத்தைக் கொண்டு பார்த்தால் முதல் காரணமே பொருந்துகிறது. புதிதாக ஊற்றிய கான்கிரீட் திரவத்தைப் போலவே பக்கவாட்டில் அழுத்தும். இரண்டரை அடி உயர வார்ப்பின் அடியில் அந்த அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1.9 டன் வரை இருக்கலாம். பழைய வார்ப்பின் மீது பலகையின் அடிப்பகுதியை இறுக்கிப் பிடிக்காமல் விட்டால் அங்கேதான் பலகை விலகும். அந்த இடைவெளி வழியே சிமெண்ட் பால் வெளியேறிய இடங்களில் ஜல்லி மட்டும் நின்று தேன்கூடாகும். பிதுக்கமும் தேன்கூடும் ஒரே கோட்டில் அமைந்திருப்பது தற்செயல் அன்று.

நீங்கள் மேட்டைக் கண்டு கவலைப்படுகிறீர்கள். உண்மையில் கவலைப்பட வேண்டியது பள்ளத்தைக் கண்டுதான். கம்பிக்கூடு தன் இடத்தில் நிற்க, பலகை மட்டும் 28 மில்லிமீட்டர் வெளியே போயிருந்தால், மேட்டில் கம்பிக்கு வெளியே உள்ள கான்கிரீட் வரைபடத்தில் காட்டியதைவிட 28 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கும். பலகை 30 மில்லிமீட்டர் உள்ளே வந்த இடத்தில் அதே அளவு குறைந்திருக்கும். வரைபடத்தில் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) 40 என்று இருந்தால், பள்ளத்தில் மிஞ்சியது 10 மட்டுமே. மழையும் மண் ஈரமும் படும் சாதாரணச் சூழலுக்கே, கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 கேட்கும் பெயரளவுக் கவர் 30 மில்லிமீட்டர். கடுமையான சூழல் என்றால் 45. நீங்கள் பார்த்த பழுப்புக் கறை, அந்த மெல்லிய தோலுக்குப் பின்னால் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கியதன் அடையாளமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆணியோ கட்டுக்கம்பி முனையோ பலகையோடு ஒட்டிக்கொண்டிருந்து துருவேறியதாகவும் இருக்கலாம். உளியால் மெல்லக் கொத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதிலிருந்து கிடைக்கும் முடிவு எளிமையானது. மேட்டைச் செதுக்கலாம், பள்ளத்தைச் சாதாரணப் பூச்சுக் கலவையால் மூடக் கூடாது. செதுக்குவதற்கு முன்னால், மேட்டில் மூன்று நான்கு இடங்களில் கவர் மீட்டர் வைத்தோ, மெல்லிய துளை போட்டோ கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். சில சமயம் பலகையோடு சேர்ந்து கம்பிக்கூடும் வெளியே நகர்ந்திருக்கும். கம்பி ஆழத்தில் இருந்தால் 20 மில்லிமீட்டர் வரை தயங்காமல் எடுக்கலாம்.

இதைச் செய்யாமல் பூச முற்பட்டால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். பூச்சின் மட்டத்தை முடிவு செய்வது சுவரின் மிக உயர்ந்த புள்ளி. அதற்கு மேல் 10 மில்லிமீட்டர் பூச்சு வேண்டுமென்றால், சாதாரண இடங்களில் 38, பள்ளத்தில் 68 மில்லிமீட்டர் கனம் வந்துவிடும். மேட்டில் 20 எடுத்துவிட்டால் அதே கனங்கள் 18, 48 என்று இறங்கிவிடுகின்றன. ஒரு மேட்டுக்காக நாற்பது அடிச் சுவரையும் தடித்த கலவையால் போர்த்துவது, ஒரு விரலில் காயம் என்று கை முழுவதும் கட்டுப் போடுவதைப் போன்றது.

தேன்கூடு உள்ள இடங்களைச் சுத்தியால் தட்டி, கணீரென்று ஒலிக்கும் உறுதியான கான்கிரீட் வரும்வரை கொத்தி எடுக்க வேண்டும். ஓரங்கள் சரிந்து மெலியாமல் செங்குத்தாக இருக்கும்படி கிரைண்டரால் 10 மில்லிமீட்டர் ஆழத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். கம்பி பாதிக்கு மேல் வெளியே தெரிந்துவிட்டால் அதன் பின்புறமும் விரல் நுழையும் அளவுக்கு எடுத்து, துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளப்பாக்கி, பழுதுநீக்கும் பாலிமர் கலவையால் அடுக்கடுக்காக நிரப்ப வேண்டும். பள்ளத்துக்கும் இதே சிகிச்சைதான். இணைப்புக் கோட்டில் நீர்க்கசிவுத் தடம் இருந்தால், அதையும் ஓர் அங்குல ஆழத்துக்கு வெட்டி அதே கலவையால் அடையுங்கள். மறைவாக உள்ள மூன்று பக்கங்களிலும் இந்தப் பழுதுகளை மட்டும் கட்டாயம் சரிசெய்யுங்கள். மட்டப்படுத்துவதற்குச் செலவிடத் தேவையில்லை.

பதில் 2: தூக்குக்குண்டு

முந்தைய பதிலில் உள்ள பழுதுநீக்க வேலை முழுவதையும் ஏற்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு சுவர் முழுவதையும் ஒரே தளமாக்கியே ஆக வேண்டுமா என்பதில் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு.

தெருவில் நிற்பவர் பேஸ்மென்ட் சுவரின் நடுப்பகுதியை உற்றுப் பார்ப்பதில்லை. அவர் கண்ணில் படுபவை இரண்டே: செங்கல் சுவரும் கான்கிரீட் சுவரும் சேரும் மேல்விளிம்புக் கோடு ஒன்று, இரு மூலைகளின் செங்குத்து விளிம்பு மற்றொன்று. இவை நூல் பிடித்தாற்போல் இருந்தால், இடையில் 5 முதல் 8 மில்லிமீட்டர் வரை அலை இருந்தாலும் யாருக்கும் தெரியாது. எனவே மேட்டைச் செதுக்கி, பள்ளத்தை நிரப்பி, பலகை இடுக்குகளில் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புகளைக் கிரைண்டரால் தேய்த்து, மேல்விளிம்பில் நான்கு அங்குல அகலத்துக்கு ஒரு பட்டையும் மூலைகளில் கூர்மையான விளிம்பும் மட்டும் பூசி எடுங்கள். மீதிப் பரப்பில் சிமெண்ட் சார்ந்த மெல்லிய பூச்சு ஒன்றை பிரஷ்ஷால் இரண்டு கை அடித்துவிட்டால் போதும். கான்கிரீட்டின் மீது ஒட்டவைக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் என்றாவது ஒரு நாள் கழன்று விழக்கூடிய பாரம் என்பதை மறக்க வேண்டாம்.

கிளாடிங் கல் யோசனையை நான் ஏற்கவில்லை. மேடுபள்ளமான சுவரில் கல் பதிக்கவும் முதலில் மட்டப்பூச்சு தேவைதான். அந்தச் செலவை ஒப்பந்தக்காரர் தம் கணக்கில் சேர்க்காமல் விட்டிருப்பார். கல்லுக்குப் பின்னால் வெற்றிடம் விட்டு ஆங்காங்கே கலவை உருண்டை வைத்து ஒட்டினால், மழைநீர் அந்த இடுக்குகளில் தங்கிவிடும்.

பட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு கைக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கு உட்பட்ட கனத்தில் இழைப்பதற்கான பொருள் அது. 30 மில்லிமீட்டர் பள்ளத்தில் அதற்கு வேலை இல்லை.

பதில் 3: மணியாஸ்கட்டை

பூச்சு வேலையை ஒப்பந்தம் எடுத்துச் செய்பவன் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

தூக்குக்குண்டு ஐயாவின் யோசனை நல்ல யோசனை. நிழலான பக்கத்துக்கு நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் இது தெற்கு முகம். மார்கழி, தை மாதங்களில் காலையிலும் மாலையிலும் வெயில் இந்தச் சுவரை உரசிக்கொண்டு சாய்வாக விழும். அப்போது 5 மில்லிமீட்டர் அலைகூட நிழலோடு தெரியும். மேல்விளிம்புக்குக் கீழே சுவரை நோக்கி ஒளி வீசும் விளக்குகளைப் பொருத்தும் எண்ணம் இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனென்றால் அந்த வெளிச்சம் ஒவ்வோர் இரவும் மேடுபள்ளங்களைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே இந்த ஒரு முகத்துக்கு மட்டும் முழுப் பூச்சு தேவை என்பது என் கருத்து. விளக்கு வேண்டுமானால் சுவரில் வைக்காமல் தோட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கான்கிரீட்டில் பூச்சு கழன்று விழுவதற்குக் கலவையைவிடப் பெரும்பாலும் கான்கிரீட்டின் முகமே காரணம். பலகை ஒட்டாமல் இருக்கத் தடவிய எண்ணெய், அதிலும் வண்டிகளிலிருந்து வடித்த கழிவு எண்ணெயாக இருந்தால், சுவரில் அப்படியே தங்கியிருக்கும். ஒரு குவளை நீரைச் சுவரில் வீசிப் பாருங்கள். நீர் கறுத்து உறிஞ்சப்பட்டால் நல்லது. முத்து முத்தாகத் திரண்டு வழிந்தால் எண்ணெய் இருக்கிறது என்று பொருள். அந்த இடங்களைச் சோப்புத்தூள் கரைசலும் கம்பி பிரஷ்ஷும் கொண்டு தேய்த்துக் கழுவிய பிறகு, சுவர் முழுவதையும் நெருக்கமாகக் கொத்திவிட வேண்டும். பல இடங்களில் கொத்துவது என்ற பெயரில் சாண் இடைவெளிக்கு ஒரு கீறல் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். உள்ளங்கையை வைத்தால் அதன் கீழே பத்துக் கொத்தாவது இருக்க வேண்டும் என்பது நான் ஆட்களுக்குச் சொல்லும் அளவு. செதுக்கும்போதும் கிரைண்டர் ஓட்டும்போதும் பறக்கும் தூசி நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்காத் தூசி. கைக்குட்டை கட்டினால் போதாது, முறையான முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள்.

கொத்திய தூசியைக் கழுவி, சுவரை முதல் நாளே நனைத்துவிடுங்கள். மறுநாள் வேலை தொடங்கும்போது சுவரின் உள்ளே ஈரம் இருக்க வேண்டும். மேற்பரப்பில் நீர் மினுக்கக் கூடாது. பிறகு ஒன்றுக்கு மூன்று என்ற கணக்கில் சிமெண்டும் பருமணலும் கலந்து, கூழ் போன்ற பதத்தில் கரண்டியால் சுவரில் விசிறி அடிக்க வேண்டும். தேய்க்கவோ மட்டப்படுத்தவோ கூடாது. சொரசொரப்பாக அப்படியே விட்டு, நீர் தெளித்து ஒன்றிரண்டு நாள் இறுகவிடுங்கள். இந்த விசிறல் அடுக்கில் கலக்கும் நீரோடு எஸ்.பி.ஆர். என்னும், ஒட்டுதிறனைக் கூட்டும் செயற்கை ரப்பர் பால் ரசாயனத்தை, டின்னில் குறித்துள்ள அளவில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அதே ரசாயனத்தைத் தனியாகச் சுவரில் பிரஷ்ஷால் தடவிவிட்டு, சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பி வந்து அதன் மீது பூசுகிறவர்களை அனுமதிக்காதீர்கள். தடவியது பிசுபிசுப்பாக இருக்கும்போதே மேலே கலவை விழ வேண்டும். காய்ந்துவிட்டால் ஒட்டவைப்பதற்குப் பதிலாக அது பிரித்துவைக்கும் சவ்வாகிவிடும்.

அடுத்தது புள்ளி வைப்பது, அதாவது பூச்சின் மட்டத்தைக் காட்டும் சிறு கலவைத் திட்டுகளை வைப்பது. செதுக்கிய பிறகு மறுபடியும் கயிறு கட்டி அளந்து, மிக உயர்ந்த இடத்தில் 10 மில்லிமீட்டர் வரும்படி முதல் புள்ளியை வைத்து, மற்றவற்றை அதற்கு மட்டக்கட்டை பிடித்து ஐந்தடிக்கு ஒன்றாக அமைக்க வேண்டும். பாலிமர் கலவையால் நிரப்பிய பிறகும் ஆழமாக இருக்கும் இடங்களைப் பூச்சுக்கு முன்பே தனியாக நிரப்பி, சீப்புக் கரண்டியால் கீறி, குறைந்தது இரண்டு மூன்று நாள் ஆறவிடுங்கள். ஓர் அடுக்கு 12 மில்லிமீட்டருக்கு மேல் போக வேண்டாம். 15-ஐத் தாண்டவே கூடாது. உங்கள் கொத்தனார் சொல்லும் இரண்டு அங்குலத்தை ஒரே மூச்சில் ஏற்றினால், ஈரக் கலவை தன் பாரத்திலேயே கீழே இழுபடும். மேல்தோல் முதலில் உலர்ந்து சுருங்க, உள்ளே ஈரம் இருக்க, இடையில் பிளவு விழும். பூசிய அன்று பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கும். சில மாதம் கழித்து விரல் முட்டியால் தட்டினால் பொத்தல் ஒலி கேட்கும். மொத்தக் கனம் 25 மில்லிமீட்டரைத் தாண்டும் இடங்களில், முதல் அடுக்குக்கும் இரண்டாவது அடுக்குக்கும் நடுவே துத்தநாகப் பூச்சுள்ள கோழி வலையைக் கான்கிரீட்டில் ஆணியடித்து இறுக்கிக் கட்டுங்கள். வலை தொய்வாக இருப்பதும் இல்லாதிருப்பதும் ஒன்றுதான்.

கலவையைப் பொறுத்தவரை, உள் அடுக்கைவிட வெளி அடுக்கு வலுவாக இருக்கக் கூடாது என்பதே விதி. விசிறல் ஒன்றுக்கு மூன்று, அடிப்பூச்சு ஒன்றுக்கு நான்கு, மேல்பூச்சு ஒன்றுக்கு ஐந்து என்று இறங்கிக்கொண்டே வர வேண்டும். சிமெண்டை அதிகமாகப் போட்டால் உறுதியும் அதிகமாகும் என்று வீட்டுக்காரர்கள் நினைக்கிறார்கள். பூச்சில் கூடுதல் சிமெண்ட் என்றால் கூடுதல் சுருக்கம், கூடுதல் மயிரிழை வெடிப்பு. மட்டம் தேய்த்து முடித்ததும் பளபளப்புக்காக வெறும் சிமெண்ட் தூளைத் தூவி இழைப்பதும் இதே காரணத்தால் தவறு. மணல் வாங்கும்போது பூச்சுக்கென்று கல்லை உடைத்துச் சலித்த பி சாண்டையே கேளுங்கள். கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துவிட்டுக் கொட்டிய பிறகு உள்ளங்கை வெள்ளையாக மாவு பூசினாற்போல் இருந்தால், அதில் கல் தூள் அதிகம். அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள்.

செங்கல் சுவரும் கான்கிரீட் சுவரும் சேரும் கோட்டில் பூச்சைத் தொடர்ச்சியாக ஓட்டாமல், ஈரமாக இருக்கும்போதே 10 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு காடி எடுத்துவிடுங்கள். இரண்டும் வெயிலில் வெவ்வேறு அளவில் விரிவதால் அங்கே எப்படியும் வெடிப்பு வரும். காடி இருந்தால் அது காடிக்குள் மறைந்துவிடும். தூக்குக்குண்டு ஐயா சொன்ன நேரான மேல்விளிம்புக் கோடும் இதனாலேயே கிடைத்துவிடும்.

முடிச்சூர்வாசி

மூவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடி பார்த்தேன். பலகைத் தடம் மேட்டின் மீது முறியாமல் செல்கிறது. வெடிப்பு எதுவும் இல்லை. தூக்குக்குண்டும் நேராக நிற்கிறது. வரைபடத்தில் கவர் 40 என்றே உள்ளது. மேட்டில் துளை போட்டுப் பார்த்ததில் கம்பி 60 மில்லிமீட்டருக்கு மேல் ஆழத்தில் இருக்கிறது. கறை இருந்த இடத்தில் கொத்தியபோது நகக்கனத்துக்கு உள்ளேயே குறுக்குக் கம்பி ஒன்று வந்துவிட்டது. மேல்துரு மட்டும் இருக்கிறது, கம்பி மெலியவில்லை. நீர் வீசியதில் மேற்கு முனையில் முத்தாக வழிந்தது, மற்ற இடங்களில் உறிஞ்சியது. ஆகவே தெற்கு முகத்துக்குச் செதுக்கி, பழுது நீக்கி, முழுப் பூச்சு என்றும், மற்ற மூன்று பக்கங்களுக்குப் பழுது நீக்கம் மட்டும் என்றும் முடிவு செய்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. தெற்கு முகத்துக்குப் பொருள் எவ்வளவு ஆகும்? பூச்சுக்கு மேல், ஓதம் வராமல் இருக்க நீர்புகாத ரப்பர் போன்ற தடித்த பெயின்ட் அடிக்கச் சொல்கிறார்கள், அடிக்கலாமா?

பதில் 4: சுண்ணாம்புக்காரர்

இரண்டாவது ஐயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். அடிக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

உங்கள் சுவருக்குப் பின்னால் நான்கடி உயரத்துக்கு மண் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் மழையைத் தடுப்பது வேறு. உள்ளே இருக்கும் மண்ணின் ஈரம் சுவர் வழியாக வெளியே வந்து ஆவியாவது வேறு. சுவரின் உட்புறத்தில், மண் நிரப்புவதற்கு முன்பே தார்ப்பூச்சோ நீர்த்தடுப்போ செய்திருந்தால் பரவாயில்லை. செய்யாத நிலையில் வெளிமுகத்தைச் சவ்வு போன்ற பெயின்டால் மூடினால், உள்ளிருந்து வரும் ஈரம் அந்தச் சவ்வுக்குப் பின்னால் நின்றுவிடும். ஈரத்தோடு வரும் உப்பும் அங்கேயே படிந்து உறைந்து, பெயின்டைக் கொப்புளமாகத் தள்ளி, நாளடைவில் பூச்சையும் பொரிய வைக்கும். மூச்சு விடும் பூச்சு இருந்தால் உப்பு வெளியே பூக்கும்; பார்ப்பதற்கு அசிங்கமாக இருந்தாலும் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போய்விடும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும் என்பதால் கழுவாதீர்கள்.

ஈரம் வருகிறதா என்று அறிய எளிய வழி உண்டு. பூச்சுக்கு முன்னால், காய்ந்த கான்கிரீட் முகத்தில் இரண்டடிச் சதுரப் பிளாஸ்டிக் தாள் ஒன்றை நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் தாளின் உட்புறம் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவர் வழியாக வருகிறது. அப்படி வந்தால், மண்ணுக்குள் செல்லும் குளியலறைக் குழாய்களையும் கழிவுநீர் இணைப்புகளையும் முதலில் சோதியுங்கள். மேலே கூரையும் தளமும் போட்ட பிறகு பேஸ்மென்ட் மண் நனைவதற்குப் பெரும்பாலும் குழாய்க் கசிவே காரணமாக இருக்கும். அதை விட்டுவிட்டுச் சுவரில் மருந்து தடவிப் பயனில்லை.

வெளிமுகத்துக்குச் சிமெண்ட் பெயின்டோ, நீரை உருட்டிவிட்டு ஆவியை மட்டும் வெளியே விடும் சிலேன் வகைத் தெளிப்போ போதும். பூச்சு நன்றாக உலர்ந்த பிறகு அதை அடிக்க வேண்டும். மேல்பூச்சுக் கலவையில் சிமெண்ட் ஒன்று, நீற்றிய சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்று கலந்தால் சுருக்கம் குறையும், கையோடு இழையவும் செய்யும். பூச்சு வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1661 வெளிப்பூச்சுக்கு ஏற்கும் பழைய முறைதான் இது. இன்றைய கொத்தனார்களில் பலர் சுண்ணாம்பைக் கண்டாலே முகம் சுளிக்கிறார்கள் என்பதால் வற்புறுத்த மாட்டேன்.

ரசமட்டம்

பொருள் கணக்கை நான் சொல்கிறேன். 40 அடி நீளம், 4 அடி உயரம் என்றால் 160 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 15 சதுர மீட்டர். சராசரிக் கனம் 20 மில்லிமீட்டர், கலவை ஒன்றுக்கு நான்கு என்று வைத்துக்கொண்டால், சேதாரம் உட்பட இரண்டரை மூட்டை சிமெண்டும் 12 கன அடி மணலும் போதும். செதுக்காமல் சராசரி 40 மில்லிமீட்டர் ஏற்றியிருந்தால் இதைப் போல இரு மடங்கு ஆகியிருக்கும். சுவரில் தொங்கும் பாரமும் 600 கிலோவிலிருந்து 1.2 டன்னாகியிருக்கும். பாலிமர் கலவை தனி. அதன் மூட்டையில் ஒரு மூட்டைக்கு எவ்வளவு கொள்ளளவு என்று அச்சிட்டிருப்பார்கள், கொத்தி முடித்த குழிகளை அளந்துவிட்டு வாங்குங்கள்.

கொத்தியதில் வெளிப்பட்ட அந்தக் குறுக்குக் கம்பியை அதிக நாள் திறந்து வைக்காதீர்கள். துருவைத் தேய்த்து எடுத்த அன்றே, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்துப் பள்ளத்தை நிரப்பத் தொடங்குங்கள். நிரப்பி முடிந்ததும் கம்பிக்கு வெளியே 40 மில்லிமீட்டர் பாலிமர் கலவை இருக்க வேண்டும். அதற்கு மேல் வரும் மணல்-சிமெண்ட் பூச்சைக் கவர் கணக்கில் சேர்க்கக் கூடாது. நகக்கனத்தில் இருந்த கம்பிக்கு 40 மில்லிமீட்டர் என்றால் பள்ளம் ஏறத்தாழ முழுவதும் நிரம்பி, சுவரின் இயல்பான மட்டத்துக்கு வந்துவிடும். ஆகவே பூச்சு அங்கேயும் மற்ற இடங்களைப் போலவே மெல்லியதாக முடியும். வலை கட்டவும் தேவை இராது.

இப்போது விற்கும் சிமெண்டில் பெரும்பகுதி சாம்பல் கலந்த பி.பி.சி. வகை, அது மெதுவாகவே இறுகும். பூச்சுக்கு ஏழு நாள் நீராற்றினால் போதும் என்று சொல்வார்கள். கலப்புச் சிமெண்டுக்குப் பத்து நாளாவது கான்கிரீட்டை ஈரமாக வைத்திருக்கச் சொல்கிறது ஐ.எஸ். 456, தெற்கு வெயில் நேராக விழும் உங்கள் சுவர்ப் பூச்சுக்கும் அதையே பின்பற்றுங்கள். காலை மாலை குழாயால் பீய்ச்சிவிட்டுப் போவதைவிட, சாக்கை மேல்விளிம்பிலிருந்து தொங்கவிட்டு அதை நனைத்துவைப்பது நல்லது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை, மாசியில் இந்த வேலையை வைத்துக்கொண்டால் மழையும் இராது, கத்திரி வெயிலும் இராது.

பூச்சைத் தரை மண்ணுக்குள் இறக்க வேண்டாம்; மண்ணைத் தொடும் பூச்சு ஈரத்தை மேலே உறிஞ்சும். தரைக்கு ஆறு அங்குலம் மேலே பூச்சை நிறுத்தி, விளிம்பை வெளிப்புறமாகச் சற்றுத் துருத்தினாற்போல் வெட்டிவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். அதற்குக் கீழே கான்கிரீட் முகம் வெறுமையாகவே இருக்கட்டும். சுவரை ஒட்டி மூன்றடி அகலத்துக்குக் கான்கிரீட் தளம் போட்டு, மூன்றடிக்கு முக்கால் அங்குலம் வீதம் வெளியே சரியும்படி செய்யுங்கள். தளமும் சுவரும் சேரும் இடத்தில் அரை அங்குல இடைவெளி விட்டுத் தார் அடைப்புப் பொருளால் நிரப்பினால், தளம் பின்னாளில் சற்று அமிழ்ந்தாலும் பூச்சை இழுக்காது.